அவருக்குக் கொடுக்காத வரிகள்

கல்லூரியில் முப்பது வருடம் நாடகப் பாடம் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு நான் பேசுவதைக் கேட்க ஆள் இல்லை. நான் செய்ததற்கு வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கோவையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், பொங்கல் விழாவுக்கு அரசவை நாடகம் ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். பழைய மேடை நாடகங்களில் ஒரு இளவரசன் வருவான். தன் அழகைத் தானே மெச்சிக்கொண்டு பெண் கேட்பான். அவையோர் முகத்துக்கு நேரே புகழ்ந்துவிட்டு, பார்வையாளர் பக்கம் திரும்பிக் கேலி செய்வார்கள். அவனுக்கு மட்டும் அது கேட்காது.

அந்த வேடத்துக்கு மூன்றாவது மாடிக்காரரைப் பிடித்தேன். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவர். லிஃப்ட் கண்ணாடியில் தலை வாருவார். அவர் இறங்கிப் போன பிறகும் உள்ளே செண்டு வாசம் நிற்கும்.

"நாந்தான் ஹீரோங்களா சார்?"

"உங்கள விட்டா ஆருங்க தம்பி?" என்றேன்.

அவருடைய வசனங்களை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கேலி வரிகளை, அவர் ஒத்திகைக்கு வராத நாட்களில், அவையோராக நடித்த இருவருக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அவர் என் வீட்டுக்கு வந்தார். "பொள்ளாச்சியில இருந்து பொண்ணூட்டுக்காரங்க நாடகம் பாக்க வாராங்க சார். பாதி முடிஞ்ச மாதிரிதானுங்க. இது முப்பத்திரண்டாவது எடமுங்க. ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

அப்போதே அந்த வரிகளை எடுத்திருக்கலாம். நான் ஒன்றைச் சேர்த்தேன்.

மேடையில் அவர் மார்பை நிமிர்த்தினார். "என் முகம் கண்டால் இளவரசி மயங்குவாள்!"

"மயங்காம என்னங்க, அந்த செண்டு நாத்தத்துக்கு?" என்றார் அவையினரில் ஒருவர், கூட்டத்தின் பக்கம் திரும்பி, அவருக்குக் கேட்காதபடி.

கூட்டம் சிரித்தது. தனக்குத்தான் பாராட்டு என்று நினைத்து அவர் கும்பிட்டார். "மங்கையர் எனக்காகக் காத்திருக்கின்றனர்!"

"முப்பத்தியொரு நாட்டுல கேட்டாச்சுங்க. அத்தன பேருங் கதவைச் சாத்திப்போட்டாங்க!" என்று இன்னொருவர் உரக்கவே சொல்லிவிட்டார்.

அவர் திரும்பி, திரைக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு மீதி வசனங்களை ஒன்றுகூட விடாமல் சொல்லி முடித்தார்.

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது போனேன். "உங்ககிட்ட மட்டுந்தானுங்க சார் சொன்னேன்" என்றார்.

"நாடகந்தானுங்களே தம்பி."

"ஆமாங்க" என்றார்.

ஒரு வாரத்தில் பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிணத்துக்கடவுப் பக்கம் இருந்த தன் தோப்புக்குப் போய்விட்டார்.

நான் பொள்ளாச்சிக்குப் போனேன். எழுதியது நான்தான், அவர்மேல் குற்றமில்லை என்று பெண்ணின் அப்பாவிடம் சொன்னேன். அவர் காபி கொடுத்து உபசரித்தார்.

"நல்ல மனுசன்னு எங்களுக்குந் தெரியுமுங்க. ஆனா நாங்களுஞ் சிரிச்சுப்போட்டமுங்க. அம்மணிக்குக் கண்ணுல தண்ணியே வந்துபோச்சு, அப்படிச் சிரிச்சுது. இனி அந்த மூஞ்சியப் பாத்து மாப்பிள்ளைன்னு எப்படிங்க கூப்படறது?"

திரும்பும்போது பேருந்து கிணத்துக்கடவில் நின்றது. இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்பதாகத்தான் இருந்தேன். போனால் எங்கிருந்து வருகிறேன் என்று சொல்ல வேண்டும். அந்தப் பெண் சிரித்ததையும் சொல்ல வேண்டிவரும். அப்படி நினைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். அதுவும் சாக்குத்தானோ என்னவோ. கோவை உக்கடம் வரும்வரை கண்ணை மூடியிருந்தேன், தூங்கவில்லை.