கட்டிப்போட்ட கை

என் சிகிச்சை அறை மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு நீல ரிப்பன் கிடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரட்டைச் சடையை மடித்துக் கட்டுவார்களே, அந்த ரிப்பன்தான். பக்கவாதம் வந்து கை கால் இறுகிப்போனவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்தில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. ஓரத்தில் நூல் பிரிந்து, முடிச்சு விழுந்த இடம் வெளுத்துப்போயிருக்கும். அறையைக் கூட்டுகிற அக்கா அதைக் குப்பை என்று நினைத்து எறியப் பார்த்தாள். பிடுங்கி மறுபடி உள்ளே வைத்தேன். மறப்போம் மன்னிப்போம் என்று சொல்கிறவர்கள் இந்த ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் அந்த ஜாதி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் படிக்கிறவர்களுக்கு ஏமாற்றம் இருக்காது.

எங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சரைப் பற்றி ஒரு வாய் குறை சொல்லாது. கஞ்சி போட்ட சேலை, சர்ச்சில் முன்வரிசை, பிள்ளைகளின் கையெழுத்தை முத்து முத்தாக மாற்றிவிடுவார் என்கிற பெயர். நான் இடது கைக்காரி. பென்சிலைக் கண்டால் இடது கைதான் முந்திக்கொண்டு போகும். மற்றவர்களுக்கு அது ஒரு பழக்கம்; டீச்சருக்கு அது பாவம். நியாயத்தீர்ப்பு நாளில் செம்மறியாடுகள் வலது பக்கம் மோட்சத்துக்கு, வெள்ளாடுகள் இடது பக்கம் நரகத்துக்கு என்று ஞாயிறு பள்ளியில் கேட்ட கதையை என் தலையில் கொண்டுவந்து இறக்கினார். "ஏளா, நீ வெள்ளாடு. அங்கனதான் நிப்ப" என்றார். அன்று முதல் வகுப்பே என்னைப் பார்த்து 'மே' என்று கத்தியது.

கத்தியதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். காலை மணி அடித்ததும் டீச்சர் என் சடையிலிருந்து ரிப்பனை உருவுவார். அதை வைத்தே என் இடது மணிக்கட்டைப் பெஞ்சுச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுவார். பூப்போல இரண்டு காது வைத்த முடிச்சு. கட்டுவதில்கூட அவருக்குச் சுத்தம் வேண்டும். வலது கையால் 'இனி இடது கையால் எழுத மாட்டேன்' என்று பக்கம் நிரம்ப எழுத வேண்டும். ஒருநாள் ஒண்ணுக்கு வந்தது. கேட்டேன். எழுதி முடித்துவிட்டுப் போ என்றார். மறுபடியும் கேட்டேன். என் வலது கை எழுத்து எவ்வளவு வேகமாகப் போகும் என்று அவருக்குத் தெரியும். பெஞ்சுக்குக் கீழே தண்ணீர் ஓடியபோது முன்வரிசைப் பிள்ளைகள் காலைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்கள். அப்போதும் அவர் உடனே அவிழ்க்கவில்லை. ஒரு சடை பிரிந்து தொங்க, ஈரப் பாவாடையோடு வீட்டுக்குப் போனேன். அம்மா முகத்தைத் துடைத்துவிட்டு, டீச்சர் உன் நல்லதுக்குத்தான செய்யுதாங்க என்றாள். அந்த வார்த்தைதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

டீச்சர் ஜெயித்தார். அந்த வருடத்தோடு நான் இடது கையால் எழுதுவதை நிறுத்தினேன். வலது கை எழுத்து இன்றுவரை கோழி கிண்டிய குப்பைதான். எழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இடது கைதான் வந்தது. சோறு மட்டும், நாலு பேர் பார்க்கிற இடத்தில், வலது கை. பிஸியோதெரபி படித்து, தூத்துக்குடியில் சொந்தமாக அறை போட்டு, இறுகின தசைகளை நீவி நீட்டுகிற வேலைக்கு வந்தபோது என் பலமெல்லாம் அந்தப் பாவப்பட்ட கையில்தான் இருந்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு காலைப்பொழுதில் டீச்சர் என் அறைக்குள் வந்தார். அவருடைய மகன் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறார். டீச்சர் ஓய்வு பெற்றபின் மகனோடு இங்கே வந்துவிட்டாராம். பக்கவாதம் வந்து மாதங்கள் ஆகியிருந்தன. பேச்சு லேசாகக் குழறியது. நடக்கும்போது வலது கால் விறைத்து அரைவட்டம் போட்டது. வலது கை முழங்கையில் மடங்கி நெஞ்சோடு ஒட்டி, கட்டைவிரலை உள்ளே வைத்து விரல்கள் மூடிக் கிடந்தன. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை. தெரியவும் வழியில்லை, எத்தனை பிள்ளைகளைப் பார்த்தவர். உட்கார வைத்து டீ வரவழைத்தேன். டீச்சர் இடது கையை நீட்டினார், கிளாஸை வாங்கினார், சிந்தாமல் குடித்தார். யாரும் கட்டிப்போடாமலே பழகிவிட்டிருந்தார். எனக்குள் ஒரு வெள்ளாடு 'மே' என்றது. அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை.

நடையைப் பற்றி டீச்சர் பெரிதாகக் கவலைப்படவில்லை. கவலையெல்லாம் வலது உள்ளங்கையைப் பற்றித்தான். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் நற்கருணை எடுக்கவில்லை. பீடத்தின் முன்னால் வலது உள்ளங்கையை விரித்து அப்பத்தை வாங்க வேண்டும். குருவானவர் இடது கையில் தருகிறேன், வாயில் தருகிறேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டாராம். டீச்சர் என்னிடம் சொன்னது இதுதான்: "ஆண்டவருக்கு முன்னால பீச்சாங்கைய நீட்ட மாட்டேன்மா. இந்தக் கை விரியணும். இல்லாட்டி அப்பம் இல்லாமலே செத்துப்போறேன்." கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சிகிச்சையில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. நரம்பு மருத்துவர் முன்கைத் தசைகளில் இறுக்கத்தைத் தளர்த்துகிற ஊசி போட்டார். அது தளர்த்தித்தான் கொடுக்கும், அசைக்கக் கற்றுக்கொடுக்காது. அந்த அவகாசத்தில் தினமும் தோளையும் முழங்கையையும் விரல்களையும் மெல்ல நீட்டிவிட்டேன். ராத்திரிக்கு விரல் மடங்காமல் இருக்க அச்சுப் பலகை வைத்துக் கட்டினோம். மணிக்கட்டு கொஞ்சம் நிமிர்ந்தது, விரல்கள் தாமாக லேசாகத் திறந்தன. இந்தக் கட்டத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு முறை உண்டு. நல்ல கை எல்லா வேலையையும் செய்துகொண்டே இருந்தால், கெட்ட கை தனக்கு வேலை இல்லை என்று படுத்துவிடும். அதனால் நல்ல கைக்குத் தடித்த உறையைப் போட்டு அதை முடக்கிவிட்டு, கெட்ட கையாலேயே எல்லாம் செய்யச் சொல்ல வேண்டும். டீச்சருக்கு இடது கையை முடக்க வேண்டும். மருத்துவர் சரி என்றார், மகனுக்கும் டீச்சருக்கும் விளக்கினேன், அவர்களும் சம்மதித்தார்கள்.

உறையில் ஒட்டுப்பட்டி இருக்கிறது. இழுத்து ஒட்டினால் போதும், ரிப்பன் தேவையே இல்லை. உறை போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலமே கடைத்தெருவுக்குப் போய் நீல ரிப்பன் வாங்கி வந்தேன். காலையில் உறையைப் போட்டு, பட்டியை ஒட்டி, அதன்மேல் ரிப்பனைச் சுற்றி, பூப்போல இரண்டு காது வைத்து முடிச்சுப் போட்டேன். போட்டுவிட்டு டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். "நல்லாயிருக்கும்மா" என்றார். தினமும் கட்டினேன், தினமும் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. என் வாழ்க்கையையே திருப்பிப் போட்ட முடிச்சு அவர் ஞாபகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவைக்கவில்லை. அதற்கும் சேர்த்து எனக்கு ஆத்திரம் வந்தது.

பயிற்சிக்குத் துணி மாட்டுகிற கிளிப், சோழி, கல் உப்பு எல்லாம் வைத்திருப்பேன். டீச்சருக்குக் கடைசிப் பரீட்சை மக்ரூன். முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் சுடுகிற தூத்துக்குடி மக்ரூன் எவ்வளவு மெலிசு என்று தெரியும். அழுத்திப் பிடித்தால் மாவு. மூடுவது அந்தக் கைக்குச் சுலபம், அளவாகப் பிடித்து அளவாக விடுவதுதான் பாடு. தட்டிலிருந்து எடுத்து அடுத்த தட்டில் உடையாமல் வைக்கச் சொன்னேன். மேசையெல்லாம் தூள். டீச்சர் எரிச்சலில் இடது கையைத் தூக்குவார். உறை போட்ட கை மேசையில் தொப்பென்று விழும். "இந்தக் கைய விட்டுரும்மா, ஒரு நிமிசம்" என்று கெஞ்சுவார். விடமாட்டேன். முறைப்படியும் விடக் கூடாது, என் மனசுப்படியும் விடக் கூடாது. இரண்டும் ஒன்றாக அமைவது எப்போதாவதுதான் வாய்க்கும்.

பிறகு அந்த நாள் வந்தது. பாதிப் பயிற்சியில் டீச்சர் நெளிந்தார். பாத்ரூம் போகணும், அவுத்து விடு என்றார். ஊன்றுகம்பு பிடிக்கிற இடது கை என்பதால் எழுந்து நடக்கும்போது உறை இருக்கவே கூடாது. நான் எப்போதும் எல்லாருக்கும் உடனே அவிழ்ப்பவள்தான். அன்றும் அவர் வாய் மூடுவதற்குள் முடிச்சை இழுத்துவிட்டேன். ஆனால் சும்மா இழுக்கவில்லை.

"நான் அவுத்து விட்டுருவேன் டீச்சர். ஒண்ணுக்குன்னு ஒரு பிள்ள கேட்டா அவுத்து விடணும்."

டீச்சர் ரிப்பனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் உறையைக் கழற்றிக்கொண்டிருந்த இடது கையைப் பார்த்தார். அதுவரை 'அம்மா' போட்டுப் பேசியவர், "ஏளா, நீ அந்த வெள்ளாடா?" என்றார்.

பாத்ரூமிலிருந்து திரும்பி வரும்போது மன்னிப்பு கேட்பார் என்று எதிர்பார்த்து நின்ற என்னைச் செருப்பால் அடிக்கலாம். உட்கார்ந்ததும் முகம் மலர்ந்து, கட்டிப்போட்டுத்தான உன்னைய ஆளாக்குனேன் என்றார். அதற்குப் பிறகு கூடத்தில் காத்திருப்பவர்களிடமெல்லாம் அதே கதைதான். இவ எங்கிட்டப் படிச்ச பிள்ள. அன்னைக்கு நான் இவ கைய கட்டுனேன், இன்னைக்கு இவ என் கைய கட்டுதா. கட்டினாத்தான் கை வழிக்கு வரும்னு நான் அப்பவே சொன்னேன். கேட்டவர்கள் மெச்சினார்கள். அவர் சொன்னதற்கு அவருடைய கையே சாட்சி. விரல்கள் நாளுக்கு நாள் திறந்துகொண்டிருந்தன. பழி வாங்கப் போன நான், அவர் செய்தது சரிதான் என்று ஊருக்கு நிரூபித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 

கடைசி நாள். வரும் ஞாயிற்றுக்கிழமை நற்கருணை எடுக்கப் போவதாக டீச்சர் சொல்லிக்கொண்டே மக்ரூனை எடுத்தார். மூன்று விரல்களுக்கு நடுவில் உடையாமல் நின்றது. இடது கையில் உறை, மேலே என் முடிச்சு. நான் எதிரில் உட்கார்ந்து, ஒரு தாளை எடுத்து, பேனாவை இடது கையில் பிடித்தேன். மூன்றாம் வகுப்புக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அந்தக் கை எங்கே நின்றதோ அங்கிருந்துதான் தொடங்கியது. கொம்பு பெரிசு, சுழி பெரிசு, வரி மேலே ஏறிப்போகிறது. எட்டு வயதுப் பிள்ளையின் எழுத்து அப்படியே வந்து விழுந்தது. தாளைத் திருப்பி அவர் முன் வைத்தேன்.

"வாசிங்க டீச்சர்."

அவர் வாசித்தார், குழறலாக, ஒவ்வொரு சொல்லாக: இனி, இடது, கையால், எழுத, மாட்டேன்.

"உங்க வலது கை படுத்துக் கிடந்துச்சு, அத எழுப்ப நல்ல கைய கட்டுனேன். எனக்கு எந்தக் கை படுத்துக் கிடந்துச்சு டீச்சர்?"

அவர் முகம் அசையவில்லை. அது பழகின முகம். ஆனால் மனசு பதறினால் இந்த நோயில் இறுக்கம் ஏறும். அதை மறைக்க யாராலும் முடியாது. மூன்று விரல்களும் உள்ளே சுருண்டன, மக்ரூன் நொறுங்கித் தூளாய்க் கொட்டியது, கை முட்டியாகி நெஞ்சை நோக்கி ஏறியது. டீச்சர் அதைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்விடுமோ என்கிற பயம் கண்ணில் வந்தது. அந்தப் பயத்தை நான் ஆற அமரப் பார்த்தேன். பார்த்து முடித்தபின் என் இடது கையால் அவர் கட்டைவிரலை வெளியே எடுத்து, மணிக்கட்டைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக நீட்டிவிட்டேன். அது என் தொழில்.  டீச்சர் கூடத்தைக் கடந்து போகும்போது யாரிடமும் அந்தக் கதையைச் சொல்லவில்லை.

ஞாயிறு மத்தியானம் மகன் போன் செய்தார். அம்மா வலது கையிலேயே அப்பம் வாங்கினார்களாம். உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்றார். டீச்சர் பக்கத்தில்தான் இருந்திருக்கிறார், போனை வாங்கவில்லை. இன்றுவரை அவர் மன்னிப்பு கேட்கவில்லை, நானும் மன்னிக்கவில்லை. அவர் உள்ளங்கை விரிந்ததில் எனக்கு வருத்தம் இல்லை, பெருமைதான். ஆனால் அந்த முட்டி இறுகின நிமிஷம்தான் எனக்குக் கிடைத்த கூலி.

சாயங்காலம் கடைசி ஆளும் போனபின் இழுப்பறையைத் திறப்பேன். ரிப்பனை ஓரமாக நகர்த்தி, அதற்கடியில் இருக்கிற தாளை எடுத்து, இடது கையால் எழுதுவேன். வேறு வாசகம் தேடுவதில்லை. 'இனி இடது கையால் எழுத மாட்டேன்', பக்கம் நிரம்ப. வரி இப்போது மேலே ஏறுவதில்லை. கை ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டது.