கொளஞ்சியப்பரிடம் இருந்த டைமர்

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் கோதண்டபாணிக்குப் பேரு ஸ்டோர் கிளார்க்கு. வேலை என்னவோ செத்த மிஷினுக்கு உசிர் தேடுவதுதான். சீமைக்காரன் செய்வதையே நிறுத்திவிட்ட சாமானையெல்லாம் மெட்ராஸ் பழைய இரும்புக் கடைகளில் கிளறி, மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். சாமான் கிடைத்துவிட்டால் மனுஷனுக்குத் தலைகால் புரியாது!

ஒருமுறை, கப்பு சாசர் அடுக்கிய வண்டிகளைச் சூளைக்குள் நேரம் பார்த்துத் தள்ளிவிடும் டைமர் பழுதாகிவிட்டது. எங்கேயும் அகப்படவில்லை. குறை வந்தால் அதைச் சீட்டில் எழுதிக் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவதுதானே நம்மூர் வழக்கம், இவரும் கட்டினார். ஒன்றுக்கு இரண்டாகக் கிடைத்தது. ஒன்றை மாட்டினார். பத்திரமாக வைக்கவேண்டிய இன்னொன்றைச் சந்தோஷத்தில் சாமிக்கே காணிக்கையாகக் கொடுத்துவிட்டார். ஒரு தேங்காய் உடைத்திருக்கக் கூடாதா ஐயா!

எழுபத்தஞ்சாம் வருஷம், பொங்கல் நெருங்கும்போது, மாட்டியிருந்த டைமர் கருகிப்போனது. வண்டி நெருப்பிலேயே நின்றால் கப்பு சாசரெல்லாம் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆட்கள் கம்பி போட்டு நெம்பித் தள்ளினார்கள். "நாளைக்குள்ள டைமர் வரலன்னா சூளையை அணைச்சிடுவேன்" என்றார் முதலாளி. அணைத்தால் அத்தனை பேருக்கும் வேலை போச்சு. அங்கேயே கப்பு தரம் பிரிக்கும் கோதண்டபாணியின் சம்சாரம் சொர்ணாம்பாளுக்கும்தான். கோதண்டபாணி மெட்ராசுக்கு டிரங்கால் மேல டிரங்காலாகப் போட்டார். எந்தக் கடையிலும் இல்லை.

"சாமிகிட்ட ஒண்ணு இருக்குதே, போய்க் கேளுங்க" என்றாள் சொர்ணாம்பாள்.

"குடுத்ததைத் திரும்பக் கேக்கறதா? சாமி கண்ணைக் குத்திடும்டி."

"சூளை அணையட்டும், நானே குத்தறேன்."

கோயிலுக்கு ஓடினார். குருக்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நான் எடுத்துக் குடுக்க முடியாதுங்க. வழக்கப்படி பிராது கட்டுங்க."

"யாரு மேலங்க?"

"உங்க மேலதான்! அவசரப்பட்டுக் குடுத்தது யாரு?"

தன் மேலேயே பிராது கட்டினார். குருக்கள் பூ கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூ வந்தது. "உத்தரவு ஆயிடுச்சு, எடுத்துட்டுப் போங்க!"

சாயங்காலம் டைமரை மாட்டியதும் வண்டி தானாக நகர்ந்தது. பொம்பளைங்க குலவை போட்டார்கள். கோதண்டபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே மஞ்சப்பையைத் தூக்கினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் சொர்ணாம்பாள்.

"காரியம் முடிஞ்சுதே, பிராதை வாபஸ் வாங்கிட்டு வரேன்."

"ஒண்ணும் வேணாம், கிடக்கட்டும். உங்களுக்கு மறுபடி எப்ப சந்தோஷம் வருமோ!"

கோதண்டபாணி பையைக் கீழே வைத்தார். அந்தப் பிராதைக் கடைசிவரை அவர் வாபஸ் வாங்கவே இல்லை.