மருத்துவத் தேடலில் நான் போடாத சொல்

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. மனுஷன் டீயைத் தவிர வேறெதற்கும் அடிமையில்லை. காரணம் தெரிந்தால் நிறுத்திவிடலாம், மிச்சமாவது தப்பும் என்றார் டாக்டர். மறுநாள் வழக்கம்போல லாட்ஜுக்கு வேலைக்குப் போய், வந்தவர்களுக்கு ரூம் சாவி கொடுத்தேன். உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது.

போனில் தேடினேன். வாழைத்தண்டுச் சாறும் யாரோ விற்கும் தைலமும்தான் வந்தன. நர்சிங் படிக்கும் மகள் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அதுல தேடாதம்மா. இதுல போடு. இது மருத்துவக் கட்டுரைய மட்டும்தான் தேடும்."

அந்தத் தளத்தில் விளம்பரம் இல்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கால் வீக்கம் என்று போட்டால், அதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயரையும் தானே சேர்த்துக்கொண்டு தேடியது. ஒவ்வொரு கட்டுரையும் எதைப் பற்றியது என்று முன்பே தலைப்புக் குறித்து வைத்திருப்பார்களாம். அதனால் என் சொல் அதில் இல்லாவிட்டாலும் கட்டுரை வந்து நின்றது. வயது வைத்து, வருஷம் வைத்து வடிகட்டவும் முடிந்தது. கவுண்டரில் ஆள் இல்லாத நேரமெல்லாம் தேடினேன். குடிக்கிற தண்ணீரைப் போட்டேன், எப்போதோ விழுங்கிய காய்ச்சல் மாத்திரையைப் போட்டேன். எதுவும் அவரோடு பொருந்தவில்லை.

ஒரு மாதம் கழித்து, சாமி அலமாரியைத் துடைத்த மகள் விபூதி டப்பாவுக்குப் பக்கத்திலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள்.

"இது என்னம்மா?"

"பிரசாதம்டி."

பௌர்ணமிதோறும் கிரிவலம் போகும்போது, அடி அண்ணாமலை தாண்டி ஒருவர் கால்வலிக்குத் தரும் பஸ்பம் அது. காசு வாங்க மாட்டார். நெற்றியில் விபூதி பூசிவிட்டுப் பொட்டலத்தைக் கையில் வைப்பார். நாலு வருஷமாக என் கணவர் தினமும் குளித்து, சாமி கும்பிட்டு, ஒரு சிட்டிகை சாப்பிடுகிறார். அந்த ஒரு மாதமும் சாப்பிட்டார். தேனில் குழைத்துக் கொடுத்தது நான்.

மகள் போனை நீட்டினாள். பஸ்பம், சிறுநீரகம் என்று இரண்டே சொல் போட்டேன். முதல் பக்கம் முழுக்க அதுதான். சில பொடிகளில் இருந்த ஈயம், பாதரசம், அவற்றைச் சாப்பிட்டவர்களின் சிறுநீரகம்.

டாக்டர் பொட்டலத்தைச் சோதனைக்கு அனுப்பினார். ஈயம் இருந்தது. இனி டயாலிசிஸ்தான் என்றார். வீட்டுக்கு வந்ததும் இவர் கட்டிலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற எதனா சாப்புடறாரானு டாக்டர் அப்பவே உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேக்கலீங்க" என்றேன்.

கேட்டார். இவரை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருந்த நேரம். வேறு மருந்து, பொடி, லேகியம் ஏதாவது உண்டா என்று இரண்டு தரம் கேட்டார். ஒன்றும் இல்லீங்க என்று இரண்டு தரமும் சொன்னது நான்.