அரை வாளிச் சம்டைம்ஸ்

கடலுக்கு இந்தப் பக்கத்துத் திருநெல்வேலியில், ரியூசன் வகுப்பில் இருபது வருடமாக இங்கிலீஷ் படிப்பிக்கிறேன். ஓல்வேஸ் என்றால் நிரம்பிய வாளி, சம்டைம்ஸ் என்றால் அரை வாளிக்கும் குறைவு, நெவர் என்றால் வெறும் வாளி என்று கரும்பலகையில் கீறுவேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டம் வாளி மாஸ்டர். அந்த வாளியை என் தலையிலேயே கவிழ்க்கவேண்டும் போல் ஆத்திரம் வருகிறது.

அரியாலையில் இருக்கும் என் அக்காவுக்கு ஒரே மகள். அவள் வெளிநாட்டில் முதல் பிள்ளைக்குக் காத்திருந்தாள். தாய் பக்கத்தில் நிற்கவேண்டும். விசாப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். மகளோடு எத்தனை தரம் கதைப்பீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. அந்த நேரம் பார்த்து முற்றத்தில் பக்கத்து வீட்டு மாமி. அக்கா குரலைத் தாழ்த்தி, "இடைக்கிடை எடுப்பாள்" என்றார்.

அவள் தினமும் விடியப் போன் எடுப்பாள். அக்கா கைப்பேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, கதைத்துக்கொண்டே தேங்காய் துருவுவார். அந்தச் சம்பலைத் தின்றுவிட்டு வகுப்புக்குப் போகிறவன் நான். நல்லதை நிறைத்துச் சொன்னால் நாவூறு பட்டுவிடும் என்று எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் குறைத்தே சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும், வாத்தியார் புத்தி, சொன்னதை அப்படியே எழுதினேன். சம்டைம்ஸ். எழுத்து முத்து முத்தாக வேறு இருந்தது.

விசா இல்லை என்று கடிதம் வந்தது. மகளோடு நெருங்கிய தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லையாம். ஒரு சொல்லை வைத்துத் தாயை அளந்தவனை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. திட்ட வாயெடுத்தால், அவன் அளந்ததும் என்னுடைய வாளியால்தான்.

அக்காவில் பாய்ந்தேன். "ஒவ்வொரு நாளும் எண்டு சொன்னா என்னக்கா?"

"மாமி நிண்டவா. இங்கிலீஷ் படிச்சவன் நீ, பாத்து எழுதியிருக்க வேண்டாமே?"

இரண்டாவது படிவத்தை எடுத்தேன். அக்கா எழும்பிப் போய் முற்றத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒவ்வொரு நாளும் எண்டு போடு. பெலத்து வாசிக்காதை."

எழுதி, அடியில் கோடும் இழுத்தேன். அதற்குப் பதில் வருமுன் பிள்ளை பிறந்துவிட்டது. இப்போது பேரனும் சீனிப் போத்தலில்தான் சாய்ந்திருக்கிறான்.

நேற்று மாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, மகள் பேரனைக் காட்டுகிறவளோ என்று விசாரித்தார்.

"இடைக்கிடை" என்றார் அக்கா.

எனக்கு வந்த கோபத்தில் சம்பல் உறைக்கவே இல்லை.