கை தட்டினால் வெட்டிவிடுவேன்

லிஃப்ட்காரர் சிரித்துக்கொண்டே சொல்லி முடித்துவிட்டு, இரண்டு கையையும் சேர்த்து பட்டென்று ஒரு தட்டு தட்டினார்.

எதிரே உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அடுத்த கேள்வி மறந்துபோயிற்று. தாளில் எழுதித்தான் வைத்திருந்தாள். கண்ணும் தாளில்தான் இருந்தது. எழுத்து மட்டும் ஏறவில்லை.

அவள் பல் ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷமாக முன்மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவள். அவளைவிட ஐந்து வயது மூத்த டாக்டரே அக்கா என்றுதான் கூப்பிடுவார், ஊருக்கே அக்காவாகிவிட்டாள். பல்வலியோடு காத்திருப்பவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு. பயத்தில் வேலை, முதலாளி, மாமியார் எல்லாவற்றையும் கொட்டுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மைக் வாங்கி, ‘ஷிஃப்ட் முடிஞ்சாச்சு’ என்று பேர் வைத்து, பாட்காஸ்ட் தொடங்கினாள். உழைத்துச் சாப்பிடுகிறவர்களிடம் அரைமணி நேரப் பேட்டி. பெரிய மனிதர்கள் கிடையாது.

ஆறாவது மாடியில் இருக்கும் அவள் வீட்டின் சின்னப் படுக்கையறைதான் ஸ்டூடியோ. ஜன்னலுக்குக் கம்பளி, கதவுக்கு அடியில் துண்டு, பின்னால் துணி அலமாரியைத் திறந்து வைத்தால் எதிரொலி அடங்கும். மின்விசிறியை நிறுத்தவேண்டும், ஃப்ரிட்ஜையும் நிறுத்தவேண்டும். மறுபடி போட மறந்து மூன்று தடவை பால் திரிந்திருக்கிறது. முதல் பேட்டியைப் பதினொரு பேர் கேட்டார்கள். அதில் நான்கு பேர் அவளே, வேறு வேறு போனில். இப்போது ஆயிரத்து எண்ணூறு பேர் கேட்கிறார்கள். பஸ் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிற பெண், பிணவறைக் காவலாளி, பொய்ப்பல் செய்கிறவர் என்று நாற்பத்தொரு பேர் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போயிருக்கிறார்கள்.

அவர்கள் மனம் விட்டுப் பேசியதற்குக் காரணம் ஒரே ஒரு ஏற்பாடு. தொடங்கும்முன் அக்கா சொல்வாள்: “எது வேணா பேசுங்க. வேண்டாம்னு தோணுச்சுன்னா ஒரு கை தட்டுங்க, அதுக்கு முன்னாடி சொன்னதை வெட்டிடுவேன். ஏன் எதுக்குன்னு கேக்கமாட்டேன். யாருக்கும் சொல்லவும் மாட்டேன்.” கம்ப்யூட்டர் திரையில் பேச்சு சின்னச் சின்ன முட்களாக ஓடும், கைதட்டல் மட்டும் நெட்டுக்குத்தாக நிற்கும். கண்டுபிடித்து வெட்டுவது சுலபம். வெட்டியதைப் புருஷனிடம்கூட அவள் சொன்னதில்லை.

லிஃப்ட்காரர் கை தட்டியதற்கு முன்னால் சொன்னது இதுதான்:

“மாசா மாசம் உச்சியில மெஷின் ரூமுக்குப் போய்ப் பாத்துட்டு ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடணும்மா. எட்டாவது மாடிக்கு மேல செங்குத்தா ஒரு இரும்பு ஏணி. எனக்கு முட்டி போய் ரெண்டு வருஷமாச்சு. ஏறுறதே இல்ல. காவலாளி நாற்காலில உக்காந்து கையெழுத்தப் போட்டுட்டுப் போயிடுவேன். பத்தொன்பது வருஷமா பாக்கறேன், சத்தத்தக் கேட்டாலே தெரியாதா?”

அவர் சொன்னது, அவர் பராமரித்து வரும் இந்தக் கட்டடத்து லிஃப்டை.

பேட்டி முடிந்ததும் அதே லிஃப்டில் ஏறி, கை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். சிவப்பு எண் ஐந்து, நான்கு, மூன்று என்று குறைந்து பூஜ்யம் ஆகும்வரை அக்கா கதவைப் பார்த்தபடி நின்றாள்.

சொன்ன சொல்படி அன்றைக்கே வெட்டினாள். வெட்டிவிட்டு வந்து, “இனிமே இந்த வீட்டுல யாரும் லிஃப்ட்ல போகக்கூடாது,” என்றாள்.

புருஷன் செய்தித்தாளை இறக்கினார். “டாக்டர் ஏதாவது சொன்னாரா?”

“ஆமா.”

“பல் டாக்டரா?”

“நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு எந்த டாக்டர் சொன்னா என்ன?”

கல்லூரிக்குப் போகிற மகள் விடவில்லை. “அம்மா, உனக்கும் லிஃப்டுக்கும் என்ன சண்டை? சொல்லு, சமாதானம் பண்ணி வைக்கிறேன்.”

“வாயடிக்காத. படியில போ.”

புருஷன் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் தூக்கி ஆறு மாடி ஏறி வந்தார். கேனை இறக்கி வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் மூச்சு வாங்கிக்கொண்டே அவளையே பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்ன மறுநாளே லிஃப்ட்காரர் வேலை போகும். அக்கா காட்டிக்கொடுத்தாள் என்று தெரிந்தபிறகு அந்த நாற்காலியில் எவர் வந்து உட்கார்ந்து எதைப் பேசுவார்? இதையே திருப்பித் திருப்பி நினைத்ததில் மூன்று நாள் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழாவது மாடிப் பெண் கீழே லிஃப்ட் முன்னால் நின்றாள். நிறைமாதம். கையில் காய்கறிப் பை.

“படியில போலாமே, நானும் வரேன்,” என்றாள் அக்கா.

“ஏழு மாடியா? நல்லாத்தான் இருக்கு, அக்கா!” என்று சிரித்தபடி அவள் உள்ளே போனாள். கதவு மூடியது. எண் ஏழைத் தொடும்வரை அக்கா ஒவ்வொன்றாக எண்ணினாள். அங்கேயே நின்று போனை எடுத்தாள்.

“வெட்டிட்டேன், ஃபைல்ல இல்ல,” என்றாள் லிஃப்ட்காரரிடம். “ஆனா எனக்குத் தெரியுமே. நான் என்ன பண்ணட்டும்? ஒரு மணி நேரத்துல வாங்க. வரலேன்னா செயலாளர்கிட்ட நானே போய்ச் சொல்லிடுவேன்.”

“அப்ப கை தட்டினதுக்கு என்னம்மா மதிப்பு?”

“ஒரு மணி நேரம்,” என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

நாற்பது நிமிஷத்தில் வந்துவிட்டார். அக்கா படியேறி எட்டாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது லிஃப்டின் கதவு திறந்து அவர் வெளியே வந்தார்.

“இதுலயா வந்தீங்க?”

“வேற எப்படி வருவேன்?” உள்ளே இருந்த நிறுத்துச் சுவிட்சை அழுத்தினார். கதவு மூடாமல் ஒரு கட்டையை வைத்தார். பிறகு ஏணியில் கால் வைத்தார். இரண்டாவது கம்பியிலேயே முகம் வெளுத்து, இறங்கிவிட்டார்.

“சாவியைக் குடுங்க,” என்றாள் அக்கா.

“நீங்களா?”

“கண்ணு இருக்கு, போன்ல டார்ச் இருக்கு. என்ன பாக்கணும்னு கீழருந்து கேளுங்க.”

மேலே சூடு, கிரீஸ் வாடை. கீழிருந்து அவர் கேள்வி கேட்டார். அவள் பதில் சொன்னாள்.

“பெரிய சக்கரம் தெரியுதா? எதையும் தொடாதீங்க! அது மேல எத்தனை கம்பிக்கயிறு போகுது?”

“நாலு.”

“வெளிச்சத்த நேரா அடிங்க. முடி மாதிரி ஏதாவது நீட்டிக்கிட்டு இருக்கா?”

“ஒன்னுல இல்ல. ரெண்டுல... தேஞ்சுபோன பல் பிரஷ் மாதிரி முழுக்கச் சிலுப்பிக்கிட்டு நிக்குது. ஓரத்துல ஒன்னு, பாதிக்கு மேல பிரிஞ்சு தொங்குது. அடியில செங்கல் பொடி மாதிரி குவிஞ்சு கிடக்கு.”

அவள் ஏணி வாயிலில் குனிந்து பார்த்தாள்.

“கேக்குதா? அண்ணே!”

அவள் படம் எடுத்துக்கொண்டு இறங்கி வந்து போனைக் காட்டினாள். கையில் வாங்கிப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். “சத்தம் நல்லாத்தாம்மா இருந்துச்சு,” என்றார். அதையே இன்னொரு தடவை சொன்னார்.

பிறகு லிஃப்டுக்குள் போய் ஒரு பெட்டியைத் திறந்து எதையோ இழுத்தார், விளக்கு அணைந்தது. பையிலிருந்து ‘இயங்காது’ என்ற சிவப்பு அட்டையை எடுத்துக் கதவில் மாட்டினார். மாட்டியபிறகுதான் இருவருக்குமே உறைத்தது, அவர் எட்டு மாடியும் நடந்துதான் இறங்கவேண்டும் என்று.

கைப்பிடியைப் பிடித்து, இடது காலை முதலில் வைத்து, வலது காலை அதன் பக்கத்தில் இழுத்து வைத்து இறங்கினார். அக்கா ஒரு படி முன்னால் இறங்கினாள், விழுந்தால் பிடிக்க. ஆறாவது மாடித் திருப்பத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா தண்ணீர் எடுத்துவர வீட்டுப் பக்கம் திரும்பினாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு கம்பெனி மேற்பார்வையாளருக்குப் போன் போட்டார்.

“சார், என் பொறுப்புல இருக்கற பதினோரு லிஃப்டையும் நிறுத்தச் சொல்லுங்க. ஒன்னு ரெண்டு இல்ல சார், எல்லாத்தையும்.”

“காலங்காத்தாலயே தண்ணி போட்டுட்டியா?” என்று அந்தக் குரல் வெளியே கேட்டது.

“இல்ல சார். கையெழுத்து என்னோடதுதான். பாக்கல. ரெண்டு வருஷமா எங்கயும் மேல ஏறிப் பாக்கல.”

எங்கயும் என்றதும் அக்கா திரும்பினாள். மூன்று நாளாக அவள் இந்த ஒரு கட்டடத்தை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் விரல் விட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். பெண்கள் விடுதி. நான்கு மாடித் துணிக்கடை. வரி ஆபீஸ். ஆறாவதாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரியைச் சொன்னார். எதிர்ப்படியில் அவளும் உட்கார்ந்தாள்.

“சார், இருக்கீங்களா?” என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

“சொல்லு,” என்றது குரல், மெதுவாக.

கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். இடது காலை அடுத்த படியில் வைத்தார். “ஏழாவது லிஃப்ட், சார்,” என்றார்.