வண்டிக்கு வழி கேட்ட அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அக்காவிடம் மீன் வாங்கியவர்கள். போன வருடம் அவரைத் தோளில் சுமந்தவர்களும் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் அவருடைய தம்பியின் வணக்கம்.

அக்கா பிறந்தது கிளிஞ்சல்மேட்டில். நாங்கள் இரண்டு பிள்ளைகள். மூன்றாம் வகுப்போடு நின்று அம்மாவுடன் மீன் கூடை தூக்கப் போனார். அதனால்தான் நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அக்காவுக்கு உள்ளூரிலேயே கல்யாணம். சுனாமி அம்மாவையும் அத்தானையும் ஒரே காலையில் கொண்டுபோனது. அக்காவுக்கு அப்போது நான்கு வயதில் ஒரு மகள். வேறு ஊருக்குப் போய்விடு என்று சொன்னவர்களிடம், "கடலு எடுத்துக்கிட்டது போதும். என் பொழப்பையும் அதுக்கிட்ட குடுத்துட்டுப் போவ மாட்டேன்" என்றார். பிறகு நான் பைபர் படகில் பிடித்து வருவதை அவர் பக்கத்து ஊரான குரும்பகரம் தெருக்களில் விற்றார். அந்த வருமானத்தில் மகளைப் படிக்க வைத்துச் சென்னையில் வேலைக்கும் அனுப்பினார்.

மார்பில் கட்டி வந்தபோது ஆபரேஷன், கீமோ எல்லாம் முடித்து, தலையில் முடி முளைப்பதற்குள் கூடையைத் தூக்கிவிட்டார். இரண்டு வருடம் நன்றாக இருந்தார். ஒருநாள் குரும்பகரத்தில் எடை போடும்போது மூன்று முறை மீனைத் தராசுத் தட்டுக்கு வெளியே போட்டிருக்கிறார். மீன் வாங்க வந்த ஓர் அம்மா, "என்னடி, இன்னைக்குத் தரைக்கு எடை போடுறியா?" என்று கேலி செய்தார்களாம். அக்கா சிரிக்கவில்லை. கூடையை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "தம்பி, தலைக்குள்ள என்னமோ இருக்கு" என்றார்.

சென்னையில் ஸ்கேன் எடுத்தார்கள். மார்பில் இருந்த புற்று மூளையில் மூன்று இடங்களில் புள்ளி வைத்திருந்தது. அங்கிருந்த டாக்டரம்மா தாளில் படம் போட்டுப் பொறுமையாகச் சொன்னார்கள். தலை முழுவதும் காட்டாமல், அந்தப் புள்ளிகளின் மேல் மட்டும் குவித்துக் கதிர் அடிப்பது ஒரு வைத்தியம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி வழியாக ஏற்றும் மருந்து இன்னொன்று. அந்த மருந்து புற்றை நேராகக் கொல்லாது. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்று கட்டிப் போட்டிருக்கும். இந்த மருந்து அந்தக் கட்டை அவிழ்த்துவிடும். கதிர் பட்டுச் சிதைகிற புற்றை எதிர்ப்புச் சக்தி அடையாளம் கண்டுகொள்ளலாம் என்பதால் இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுப்பதாகச் சொன்னார்கள்.

"ஆனா எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாதும்மா. நாங்களே இன்னும் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டுதான் இருக்கோம்."

"மீனு கிடைக்கும்னு எழுதி வாங்கிக்கிட்டா என் தம்பி கடலுக்குப் போறான்? ஆரம்பிங்கம்மா" என்றார் அக்கா.

கதிர் அடிக்கும்போது தலை அசையக் கூடாது. அதற்காக வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி அச்சு எடுத்தார்கள். வெளியே வந்து, "நண்டு வலைதாண்டா. நான் வித்த நண்டெல்லாம் இப்ப என்னைப் பாத்துச் சிரிக்கும்" என்றார். திங்கட்கிழமை கதிர், புதன்கிழமை மருந்து என்று தேதி கொடுத்தார்கள். ஊருக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை காலைக்குக் கார் பேசினேன்.

அந்த ஞாயிறு விடியும்போது எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். சிங்கப்பூரில் இருந்த மகன் வந்து சேர செவ்வாய் ஆகும் என்றார்கள். எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். உடலை எடுக்கும்வரை படகு இறங்காது, யாரும் ஊரை விட்டு வெளியே போக மாட்டார்கள். பஞ்சாயத்தாரிடம் விவரம் சொல்லிக் கேட்டிருக்கலாம். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது. கோயில் வரை போனேன். அவர்கள் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். காரை அனுப்பிவிட்டு, "ஆஸ்பத்திரியில தேதியைத் தள்ளிட்டாங்களாம்" என்று அக்காவிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை மத்தியானம் சென்னையிலிருந்து மகள் போன் செய்தாள். பேசி முடித்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தார்.

"ஏன் வரலைன்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்களாம்டா."

கோயில் வரை போய்த் திரும்பியதைச் சொன்னேன்.

"பொய் சொல்ல வாய் வந்துச்சு. கேக்க வரலியா?"

அடுத்த தேதி பத்து நாள் கழித்துத்தான் கிடைத்தது. அன்று எடுத்த ஸ்கேனில் புள்ளிகள் நான்காகியிருந்தன. நான்காவது இந்தப் பத்து நாளில் வந்ததா, முன்பே கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததா என்று சொல்ல முடியாது என்றார்கள் டாக்டரம்மா. அக்கா, "நாலுக்கும் சேத்து அடிங்க" என்றார். அந்த நான்காவதைப் பற்றி அதன் பிறகு கடைசிவரை என்னிடம் அவர் ஒரு சொல் பேசவில்லை.

கதிரும் முதல் மருந்தும் முடிந்து ஊர் திரும்பியதும் வீட்டுக்கு வரவில்லை. காரைக் கோயில் மண்டபத்துக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார். பஞ்சாயத்துக் கூடியிருந்தது. பெண்கள் போய் நிற்கும் இடம் இல்லை அது. முக்காடு போட்டுக்கொண்டு போய் நின்றார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலைவர், "ஒன்ன யாரும்மா தடுத்தா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா விட்டிருப்போம்ல?" என்றார்.

"அது தெரியும் மாமா. கேக்க வாயி வேணும்ல? என் தம்பி, பேசினா மீனு ஓடிடும்னு கடல்ல வாயை மூடிப் பழகிட்டான்." எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிப்பு அடங்கும்வரை நின்றார். "எனக்காவ வரலை. எனக்கு அடிக்க வேண்டியதை அடிச்சாச்சு. இவன மாதிரி இந்த ஊருல இன்னும் எத்தனை பேரு இருக்காங்களோ! ஆஸ்பத்திரிக்குப் போற வண்டி யாரையும் கேக்காமலே போவலாம்னு சொல்லிடுங்க. செத்தவங்க கோவிச்சுக்க மாட்டாங்க."

பிறகு ஒரு பெரியவர், "சொல்லிடலாம்" என்றார். அன்று மாலையே கோயில் மைக்கில் அறிவித்தார்கள்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் இரண்டு புள்ளிகள் இல்லை. மற்ற இரண்டும் சுருங்கியிருந்தன. மருந்தால் தைராய்டு கெட்டது. உடம்பெல்லாம் அரித்தது. அசதியில் சில நாள் எழுந்திருக்க முடியாது. ஆனாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை தேதி தவறாமல் சென்னை போனார். நடுவில் ஊரில் இரண்டு சாவு விழுந்தது. இரண்டு முறையும் கார் கிளம்பியது. மறுபடி குரும்பகரம் போய்த் தராசு பிடித்தார். "இப்ப தட்டுலதான் விழுது, பாருங்க" என்று அந்த அம்மாவிடம் காட்டினாராம். ஒன்றரை வருடம் அப்படி இருந்தார். பிறகு நோய் ஈரலில் வந்தது. அது எந்த மருந்துக்கும் கட்டுப்படவில்லை. கடைசிவரை எங்கள் எல்லோரையும் அடையாளம் தெரிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில், மகள் கையைப் பிடித்திருக்க, மூச்சு அடங்கியது.

அன்று மாலை எடுப்பதாக முடிவானது. தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். காலை ஒன்பது மணி இருக்கும். நான்கு வீடு தள்ளி இருக்கும், எனக்குத் தங்கச்சி முறையாகும் பெண்ணுக்கு அன்று காரைக்காலில் டயாலிசிஸ். அவள் ஏறியிருந்த கார் பந்தலுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. அவள் புருஷன் இறங்கி, கதவைப் பிடித்தபடி, யாரிடமும் எதுவும் கேட்காமல் நின்றார். அந்த நிற்பு எனக்குத் தெரியும்.

நான் எழுந்தேன். "மேளத்தை நிறுத்துங்க. முன்கால் ரெண்டையும் பிடுங்குங்க. வண்டி போவணும்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. பந்தல் கால் பிடுங்கினார்கள். அக்காவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியை நாங்கள் நாலு பேர் சுவரோரமாக நகர்த்தினோம். கார் அவரை ஒட்டி மெதுவாகப் போனது.

அக்காவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவுக்கும், ஒவ்வொரு முறையும் அவர் பெயர் சொல்லி வரவேற்ற நர்சுகளுக்கும், கார் ஓட்டிய டிரைவர் தம்பிக்கும், எடுத்த முடிவை மாற்றாத பஞ்சாயத்தாருக்கும், சோறு கொண்டுவந்து கொடுத்த குரும்பகரம் தாய்மார்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதைப் படிக்கும் யாருக்காவது ஆஸ்பத்திரியில் தேதி இருந்தால், எந்தக் காரணத்துக்காகவும் அதைத் தவற விடாதீர்கள்.

அன்று மாலை ஐந்து மணிக்குத் தங்கச்சி திரும்பி வந்தாள். அக்காவை இன்னும் எடுக்கவில்லை. ஊசி குத்திய கையில் பிளாஸ்திரியோடு வரிசையில் நின்று, அந்தக் கையாலேயே அக்காவுக்கு வாய்க்கரிசி போட்டாள்.