மூன்றாம் வருடத்துச் சஷ்டி

எங்கள் ஒழுங்கைக்கு டெங்கு வந்த மாரியில் என் வாய்க்குப் பயப்படாத வீடு ஒன்றும் இல்லை. முற்றத்தில் சிரட்டை மல்லாந்து கிடந்தால் படலையைத் திறந்துகொண்டு போய்ச் சண்டை பிடிப்பேன். பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, பழைய ரயர், எதையும் விடமாட்டேன். சுகாதாரப் பரிசோதகர் ஒருநாள் சிரித்தபடி, "ரீச்சர், நீங்கள் எங்கடை கந்தோரிலை இருக்கவேண்டிய ஆள்" என்றார். அப்போது மூன்று வீடு தள்ளி ஒரு சின்னப் பிள்ளையைக் காய்ச்சல் கொண்டுபோயிருந்தது. என் வகுப்பில் பாதி வாங்கில் இருக்கப் பிள்ளைகள் இல்லை. புகை அடிக்கிற மெஷின் வந்து போனால் நுளம்பைவிட நாங்கள்தான் கூட இருமினோம்.

அடுத்த வளவில் என் தங்கச்சி இருந்தாள். புருஷன் இல்லை. ஒரே மகள் கொழும்பில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் என் மார்பில் கட்டி என்று வெட்டி எடுத்தபோது, எனக்குச் சொல்லாமலே முருகனுக்கு நேர்த்தி வைத்துவிட்டாள். அக்கா பிழைத்தால் மூன்று வருடம் கந்தசஷ்டியை மிளகு விரதமாகப் பிடிப்பாளாம். முதல்நாள் ஒரு மிளகும் ஒரு கை தண்ணீரும், இரண்டாம் நாள் இரண்டு மிளகு, இரண்டு கை தண்ணீர், அப்படி ஆறு நாள். ஏழாம் நாள் சோறு சாப்பிட்டுப் பாறணை. நான் பிழைத்துவிட்டேன். அவளும் இரண்டு வருடம் பிடித்துவிட்டாள். இது கடைசி வருடம்.

மூன்றாம் நாள் அவளைக் கோயிலில் காணவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு இளநியை வெட்டுவித்துக்கொண்டு மழைக்குள்ளால் போனேன். பாயில் சுருண்டு கிடந்தாள். நெற்றியில் கை வைத்தேன்.

"மேல் காயுதடி. எப்ப துவங்கினது?"

"நேற்றுப் பின்னேரம். காய்ச்சல் இல்லை அக்கா, விரதக் களை."

"கண் சிவந்துகிடக்கு. இதைக் குடி. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

இளநியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள். "இன்னும் மூண்டு நாள்தானே. பாறணை முடிஞ்சவுடனை வாறன். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, முறிக்கச் சொல்லுவினம்."

சிரட்டைக்காக ஊரையே அதட்டுகிறவள் நான். அவளை ஒரு சொல் அதட்டியிருந்தால் எழும்பி வந்திருப்பாள், என் சொல்லை அவள் ஒருநாளும் தட்டியதில்லை. நான் அதட்டவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவள் காய்ச்சலை நினைத்து அல்ல, விரதம் முறிந்தால் என் கட்டி திரும்பி வந்துவிடுமோ என்று. டெங்குவுக்கு நிறைய நீராகாரம் கொடுக்கவேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் படிப்பித்த கை இது. அந்தக் கையாலேயே இளநியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான்.

ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் விட்டிருந்தது. "பாத்தீங்களே, முருகன் கைவிடேல்லை" என்று சோர்ந்த முகத்தோடு சிரித்தாள். நானும் சந்தோஷப்பட்டேன். காய்ச்சல் விடுகிற நாள்தான் ஆபத்தான நாள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அந்த நேரம் எங்கே போனதோ தெரியாது. மத்தியானம் குடித்த தண்ணீரையும் சத்தி எடுக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். கை காலெல்லாம் சில்லிட்டுப்போக, ஓட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன்.

வார்டில் கட்டிலுக்குக் கட்டில் நுளம்புவலை. இளம் டொக்டர் நாடியைப் பிடித்தபடி, "எத்தினை நாள் காய்ச்சல்? என்ன குடிச்சவ?" என்று கேட்டார். மூன்று நாள் என்றேன். சஷ்டி விரதம் என்றேன். அவரும் ஊர்ப் பிள்ளைதான், மேலே ஒன்றும் கேட்கவில்லை. சேலைன் ஏற்றினார்கள், ரத்தம் ஏற்றினார்கள். அடுத்தநாள் சூரன்போருக்குக் கோயில் வீதியில் சனம் சேர்கிற நேரத்தில் போய்விட்டாள். எனக்கு இருந்த ஒரே கூடப்பிறப்பு. அவளுக்குச் சாகிற வயது இல்லை.

பாறணை நாளன்று காலையில் மகள் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தாள். தாயைக் கட்டிப்பிடித்து அழுது ஓய்ந்து என் பக்கம் திரும்பினாள்.

"பெரியம்மா, காய்ச்சல் எண்டு அம்மா உங்களிட்டைச் சொன்னவவோ?"

ஒழுங்கைச் சனம் முழுக்க விறாந்தையில் இருந்தது.

"இல்லைப் பிள்ளை" என்றேன். "எனக்கும் ஒளிச்சுப்போட்டாள்."

அவள் நம்பினாள். திரும்பத் தாயின் முகத்தில் கை வைத்து, "ஏனம்மா, பெரியம்மாவுக்காவது சொல்லியிருக்கலாமே" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.